முள் வைத்த அகத்தி

கிட்ட வாருங்கள், கண்ணுகளே. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் முதலில் அணைத்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். இந்தக் கதையைக் கேட்கிறபோது அடுப்பில் ஒன்றும் வேகக் கூடாது. நான் சொல்லப்போவது ஒரு மரத்தின் கதை. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. வெள்ளை வெள்ளையாகப் பூத்து, வாசம் வீசி, பார்த்தவர் மனத்தைக் குளிர வைத்துக்கொண்டு நின்ற ஒரு மரம்.

கந்தசஷ்டியின் ஆறாம் நாள், சனிக்கிழமை காலை. சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிற பழைய செங்கல் வீடு ஒன்றின் பின்வளவில், மங்களேஸ்வரி சின்ன ஏணியில் ஏறி நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொப்பை வளைத்த கை சட்டென்று பின்னால் வந்தது. பெருவிரலில் முள் ஏறியிருந்தது. இலைக்காம்பு கொப்போடு சேருகிற இடத்தில், இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, பூனை நகம்போல இரண்டு முள். அவள் விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, "வேல் உன்ர கையிலையே இருக்கட்டும் முருகா, என்ர விரலிலை ஏத்தாதை" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டாள். பிறகு திரும்பவும் ஆயத் தொடங்கினாள்.

அகத்திக்கு முள் கிடையாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். அந்த மரம் அகத்தி அல்ல என்பதை நான் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அதைச் சொல்ல அந்த வளவில் ஆள் இல்லை. மரம் தன்னால் முடிந்த மட்டும் சொல்லிப் பார்த்தது.

அந்த வீட்டை அவளும் கணவர் கணேசலிங்கமும் அதே ஆண்டு மே மாதம்தான் வாங்கினார்கள். முன்னிருந்தவள் எலினோர் என்ற ஒரு வயதான அமெரிக்காக்காரி. கலியாணம் முடித்து இளவயதில் சிட்னிக்கு வந்தவள், ஐம்பது வருடத்தில் தன் ஊர் மரங்களையும் பூஞ்செடிகளையும் தவிர வேறு எதையும் அந்த வளவில் நட்டதில்லையாம். அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்து மலையடிவாரம் அவளுடைய ஊர். முன்னால் இலையுதிர்காலத்தில் நெருப்புப் பிடித்ததுபோல் சிவக்கிற லிக்விட்அம்பர், மதிலோரம் தாமரை அளவுக்குப் பூக்கிற மக்னோலியா, வேலியடியில் பொன்னாங்காணி உயரத்தில் மஞ்சளும் ஊதாவுமாக ஏதேதோ காட்டுப்பூக்கள். இப்போது அவள் முதியோர் இல்லத்தில். சாவி கொடுக்க வந்த மகன், "அம்மா இதை உங்களிடம் கொடுக்கச் சொன்னார்" என்று ஒரு மட்டையும் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே பெரிய தடித்த தாள்கள். பென்சிலால் வளவைப் படமாகக் கீறி, மரத்துக்கு மரம் இலையும் பூவும் வரைந்து, பக்கத்தில் பொடிப்பொடியாக இங்கிலீசில் எழுதியிருந்தது. மகள் விஷாலினி அதைப் பார்த்துவிட்டு, "How sweet! அம்மா, இதை ஃபிரேம் போட்டு வையுங்கோ" என்றாள். மங்களேஸ்வரிக்கு வீடு மாறிய அவசரம். குசினி அலுமாரித் தட்டுகளுக்கு விரிக்கத் தாள் தேடிக்கொண்டிருந்தவள், இவ்வளவு கனமான நல்ல தாள் கடையில் கிடைக்காது என்று எடுத்து, எழுத்துப் பக்கம் கீழே போகக் கவிழ்த்து விரித்து, மேலே மிளகு, சீரகம், கடுகு டப்பாக்களை அடுக்கிவிட்டாள்.

ஆனி ஆடிக் குளிரில் பின்வளவு மரம் மொட்டையாக நின்றது. பட்ட மரம், தறித்துவிடலாம் என்று கணேசலிங்கம் ஒரு பெரிய கொப்பை வெட்டியும் பார்த்தார். வெட்டின பிறகுதான் அது விளையாட்டைத் தொடங்கியது. செப்டம்பரில் மரம் முழுக்கத் துளிர்த்ததோடு, புல்தரையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வேரிலிருந்து கன்றுகள் கிளம்பின. ஒரு கிழமை மரத்தடியில், மறு கிழமை துணி காயப்போடுகிற கம்பியடியில், அடுத்த கிழமை குசினிப் படிக்கட்டோடு. ஒவ்வொன்றும் பிறக்கும்போதே முள்ளோடு பிறந்தது. மரம் வீட்டை நோக்கி நடந்து வருகிறது என்று கணேசலிங்கம் பகிடியாகச் சொன்னார். மங்களேஸ்வரி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒரு தண்டில் எதிரெதிராக அடுக்கிய சின்னச் சின்ன இலைகளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒக்டோபரில் வெள்ளைப்பூ தொங்கியதும் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. பூ சின்னது, கொத்துக் கொத்தாக வருகிறது, வாசம் வேறு. குளிர்தேசம் என்று சமாதானம் சொன்னாள். இலை கொஞ்சம் வட்டம். மண் வேறு என்றாள். முள்ளுக்கு என்ன சொல்வது என்று யோசித்து, அதற்கும் ஒன்று கண்டுபிடித்தாள்.

ஏன் இத்தனை பாடு என்று கேட்பீர்கள். ஆறு நாள் விரதம் இருந்து ஏழாம் நாள் காலையில் பாறணை பண்ணும்போது, இலையில் அகத்திக்கீரை வறை இல்லாவிட்டால் அவளுக்கு விரதம் முடிந்த மாதிரி இருக்காது. வெறும் வயிற்றின் சூட்டை ஆற்றுவது அதுதான் என்று தாய் வீட்டில் பழக்கம். சிட்னிக்கு வந்த இருபத்தாறு வருடமும் கடையில் வாங்கிய, உறைபனியில் கறுத்துப்போன கீரைதான். இந்த வருடம் பச்சைப் பசேலென்று, அதுவும் சொந்த வளவில். முதல் ஆய்கிற கீரை முருகன் படையலுக்குத்தான், அதுவரை ஒரு இலையும் ஒருவர் வாயிலும் படக் கூடாது என்று நேர்ந்துகொண்டாள். அந்த நேர்த்தியால்தான் அதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே நேர்த்தியால்தான் அத்தனை பேரும் ஒரே காலையில், ஆறு நாள் காய்ந்த வயிற்றோடு, அதை உண்ண இருந்தார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் முருகன் கோவிலில் சூரன்போர். மண்டபத்துப் பின்பக்கம் பெண்கள் மறுநாளுக்கான வேலையில் இருந்தார்கள். மங்களேஸ்வரி கீரைப் பைகளைக் கொண்டுவந்து பரப்பியதும் கண்காட்சி மாதிரிக் கூட்டம் கூடியது. கிரிஜாவும் அங்கே இருந்தாள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், கம்பியூட்டர் வேலை, விஷாலினி இருக்கிற ஷோஃபீல்ட்ஸில் இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் ஒரு கொப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, அகத்தியில முள் இருக்காதே. எங்க வயல் வரப்பு பூரா அகத்திதான், நான் பார்த்ததே இல்லை."

"உங்கட அகத்தி சொகுசா வளர்ந்தது பிள்ளை. எங்கடது ஊரை விட்டு ஓடி வந்தது, முள் வைச்சுத்தான் சீவிக்க வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்த தெம்பில் மங்களேஸ்வரி இன்னொன்றும் போட்டாள். "சாம்பாருக்குச் சீனி போடுற ஆக்களுக்குக் கீரையைப் பற்றி என்ன தெரியும்."

"அது கர்நாடகா ஆன்ட்டி" என்றாள் கிரிஜா. அவளும் சிரித்தாள், ஆனால் முகம் சிவந்திருந்தது. கொடுத்த பையை வாங்கிக்கொண்டு விலகிப் போய்விட்டாள்.

விரதம் பிடித்த வீட்டுக்காரருக்கெல்லாம் ஒவ்வொரு பை போனது; விஷாலினிக்கு ஆகப் பெரிய பை. மகளுக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டு தரம் வயிற்றில் தங்கி, இரண்டு தரமும் நிற்காமல் போனது. நாலாவது வருடமாகச் சஷ்டி பிடிக்கிறாள். ஒரு நேரம் பாலும் பழமும். அதோடு இந்த வருடம் ஆறு நாளும் கைத்தொலைபேசியைத் தொடுவதில்லை என்று அதை அணைத்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டாள். "உபவாசத்தை விட அதுதான் கஷ்டமம்மா" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அன்று சூரன் தலை விழுந்து சனம் அரோகரா போடுகிற சத்தத்துக்குள், தாயின் காதோடு வாயை வைத்துச் சொன்னாள்:

"நாள் தள்ளிப் போயிருக்கம்மா. ரெஸ்ட் கிட் வாங்கி வைச்சிருக்கிறன். பாறணை முடியத்தான் பார்ப்பன். அதுக்கு முதல் பார்க்க மாட்டன், முருகனுக்குச் சொல்லிட்டன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

மங்களேஸ்வரி மகளின் கையைப் பிடித்து, தன் கையாலேயே அந்தப் பையைத் திணித்து, "காலமை வெள்ளெனச் சாப்பிடு. ஏழு மணிக்கே சாப்பிடு. கீரையைக் கூடப் போட்டுச் சாப்பிடு, வயிறு குளிர வேணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்கே வெயில் படியில் விழுந்துவிட்டது. குளித்து ஈரத்தலையோடு மங்களேஸ்வரி அடுப்பு மூட்டி, சோறும் பருப்பும் இறக்கி, சட்டியில் கீரையைப் போட்டுத் தேங்காய்ப்பூவையும் சேர்த்து மூடினாள். மணம் வேறு மாதிரி இருந்தது. பச்சை அவரைத் தோலின் மணம். அகத்தியின் கசப்பு மணம் வரவில்லை. பரவாயில்லை, கசப்புக் குறைந்த அகத்தி என்று நினைத்துக்கொண்டு, வறை வேகிற நேரத்தில் அலுமாரியைத் துடைக்கப் போனாள். பாறணைக்கு முன் குசினியில் பழையது ஒன்றும் அப்படியே கிடக்கக் கூடாது என்பது அவள் வழக்கம். கணேசலிங்கம் அந்த ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக இருந்தவர், முதல் நாள் ஒரு மிளகு, ஆறாம் நாள் ஆறு. மிளகு டப்பாவைத் தூக்கினாள். தாளில் எண்ணெய் வட்டம். தாளை உருவி எடுத்துப் புரட்டினாள்.

அவள் வளவு மரம் அதில் இருந்தது. அதே வட்ட இலை, அதே பூக்கொத்து. காம்படியில் இரண்டு முள், அதை மட்டும் தனியாகப் பெரிதாக வரைந்திருந்தது. கீழே சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு.

அவள் கணவரைக் கூப்பிட்டாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டு, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி மெல்ல வாசித்து, தமிழில் சொன்னார். மரத்தின் பெயர் ரொபீனியா. எங்கள் ஊரில் குதிரைகள் இதன் பட்டையைத் தின்று செத்திருக்கின்றன. இலை, பட்டை, விதை எல்லாம் விஷம். என் பிள்ளைகளுக்குச் சொன்னதை இந்த வீட்டுக்கு வரப்போகிற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், இதை வாயில் வைக்காதீர்கள். இது இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை, அதனால்தான் நட்டேன்.

அடுப்பில் சட்டி மூடி தட்டிக்கொண்டிருந்தது. கணேசலிங்கம் எட்டி அணைத்தார்.

"விஷாலினிக்கும் குடுத்தனீரோ?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மணி ஆறு முப்பத்தைந்து. மகளின் தொலைபேசி அணைந்திருந்தது. அது லாச்சிக்குள் கிடப்பது தெரிந்தும் மூன்று தரம் எடுத்துப் பார்த்தாள். மருமகன் துஷாந்த் ஆஸ்பத்திரியில் தாதி, இரவு வேலை, ஏழரைக்குத்தான் விடும். வார்டுக்குள் போனைத் தொட மாட்டான். கணேசலிங்கம் கார்ச் சாவியை எடுத்தார், இரண்டு அடி வைத்தார், ஆறு நாள் பட்டினியில் தலை சுற்றக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். மங்களேஸ்வரிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ரயில் என்றால் அந்த வார இறுதி தண்டவாள வேலை, பஸ்ஸில்தான் ஏற்றி இறக்குகிறார்கள். வாடகைக் கார் வந்து போய்ச் சேர ஏழு தாண்டும்.

மகள் வீட்டு வாசலில் இரண்டு நிமிடத்தில் போய் நிற்கக்கூடிய ஆள் ஒருத்திதான். அந்தப் பெயர் அவளுக்கு முதல் நொடியிலேயே நினைவுக்கு வந்தது. ஆனாலும் அவள் மற்றப் பெயர்களிலிருந்து தொடங்கினாள். அவர்களுக்கும் சொல்லத்தானே வேணும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கோவிலில் கீரை வாங்கிப்போன கதிர்காமநாதன் அண்ணைக்கு எடுத்தபோது அவர், "நான் இன்னும் குளிக்கேல்லை தங்கச்சி. கீரை ஃபிரிட்ஜிலை சுகமாக் கிடக்கு. இரவிலை கூரையிலை ஓடித்திரியிற பொஸ்ஸத்துக்குப் போட்டுவிடவோ?" என்றார். அதுவும் ஒரு சீவன்தானே அண்ணை, புதையுங்கோ என்றாள். அடுத்த வீட்டில், சமைத்தாயிற்று, இலை போடப் போகிறோம் என்றார்கள். கொட்டச் சொன்னாள். காரணம் கேட்டவர்களுக்கு, புழு இருக்கிறது என்றாள். இன்னொருவருக்கு, மருந்து அடித்த கீரை என்றாள். அது அகத்தி இல்லை என்ற ஒரு சொல் அவள் வாயில் வரவே மாட்டேன் என்றது. ஏழு பேருக்குச் சொல்லி முடித்து நிமிர்ந்தபோது சுவர் மணிக்கூட்டில் ஆறு நாற்பத்தெட்டு.

கணேசலிங்கம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு நாளாகப் பேசிப் பேசிக் களைக்கக் கூடாது என்று வாயை அடக்கி வைத்திருந்த மனிதர், மெல்லச் சொன்னார்: "இஞ்சரும். அந்தப் பிள்ளைக்கு எடும்."

கிரிஜா இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"பிள்ளை, அது அகத்தி இல்லை." சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீர் சொன்னதுதான் சரி. அது விஷ மரம். விஷாலினியிட்டை ஓடும். அவள் ஏழு மணிக்குச் சாப்பிட்டுடுவாள். அவள்..." ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ என்று மகள் கேட்டிருந்தாள். அதை மீறி, நாள் தள்ளிப் போனதையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் செருப்புத் தேடுகிற சத்தம், சாவிக்கொத்து, கதவு.

"நான் சமைக்கல ஆன்ட்டி" என்றாள் கிரிஜா, ஓடிக்கொண்டே. "முள் இருக்கேன்னு வீட்டுக்கு வந்ததுமே தூக்கிப் போட்டுட்டேன். நேத்தே அவகிட்டத் தனியாச் சொல்லியிருக்கணும். எல்லாரும் சிரிச்சாங்களா, எனக்கென்னன்னு வந்துட்டேன்."

கணேசலிங்கம் தன் தொலைபேசியில் விஷத் தகவல் நிலைய இலக்கத்துக்கு எடுத்திருந்தார். அங்கிருந்த பெண் நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன மரம், எந்தப் பகுதி, எவ்வளவு, எப்போது. சாப்பிட்டாரா? தெரியாது. கர்ப்பிணியா? கணேசலிங்கம் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்திலிருந்து அவருக்கு விளங்கியது. இருக்கலாம் என்றார். அம்புலன்ஸ் அனுப்பச் சொல்கிறேன், இணைப்பில் இருங்கள் என்றாள் அவள்.

மங்களேஸ்வரியின் காதில் கிரிஜாவின் மூச்சுச் சத்தம். அழைப்பு மணி அடித்தது. மறுபடி அடித்தது. "விஷாலினி! விஷாலினி!" பதில் இல்லை. வீட்டுப் பக்கவாட்டுக் கேற் கிறீச்சிட்டது. காலடியில் சரளைக்கல் நொறுங்கியது.

"பின்கதவு திறந்திருக்கு ஆன்ட்டி. உள்ள போறேன்."

"அடுப்பு?"

"அணைச்சிருக்கு. சாமி முன்னால விளக்கு எரியுது. இலை போட்டுப் படைச்சிருக்கு."

"இலையிலை கீரை கிடக்கோ?"

"இருக்கு. ஓரத்துல வச்சிருக்கா."

"சட்டியிலை? சட்டியைப் பாரும். எவ்வளவு எடுத்துக்கிடக்கு?"

மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. "எடுத்திருக்கு. படைக்க மட்டும் எடுத்ததா, அதுக்கு மேலயான்னு எனக்குத் தெரியல ஆன்ட்டி. சாப்பிட்ட தட்டு ஒண்ணும் இல்ல. சிங்க் ஈரமா இருக்கு." குரல் தாழ்ந்து, "மேசையில ஒரு பெட்டி இருக்கு. பிரெக்னன்சி டெஸ்ட் கிட் பெட்டி. திறந்திருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல."

பாறணை முடியத்தான் பார்ப்பன் என்று மகள் காதோடு சொன்ன சூடு இன்னும் மங்களேஸ்வரியின் காதுமடலில் இருந்தது. முருகனுக்குச் சொன்ன சொல்லைத் தவறாத பிள்ளை. இந்த ஒரு தரம் தவறியிருக்கட்டும், பொறுக்க முடியாமல் சாப்பிட முதலே பார்த்திருக்கட்டும் என்று அவள் வேண்டினாள். பொய் சொன்ன வாயோடு வேண்டினாள். குசினி யன்னலுக்கு வெளியே அந்த மரம் காற்றே இல்லாமல் வெள்ளைப்பூவை உதிர்த்துக்கொண்டிருந்தது. படியோரத்துக் கன்று நேற்றை விட ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது.

"குளியலறையில தண்ணி ஓடுது ஆன்ட்டி. இருங்க."

காலடிகள். தொலைபேசிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. குழாய் திறந்தபடி, ஒரே சீராக, யாரும் கை வைக்காத தண்ணீர் விழுகிற மாதிரி. கிரிஜா கதவைத் தட்டினாள். பெயரைச் சொல்லித் தட்டினாள். தூரத்தில், வேறு தெருவில், அம்புலன்ஸின் ஊளை.

உள்ளே குழாய் திருகுகிற சத்தம். தண்ணீர் நின்றது.

கண்ணுகளே, உங்கள் வளவில் நிற்கிற ஒவ்வொரு மரமும் தன் பெயரை உங்களிடம் சொல்லட்டும். உங்கள் சட்டியில் நல்லது மட்டுமே வேகட்டும். உங்கள் பிள்ளைகள் குளியலறைக்குள் இருந்து கூப்பிட்ட குரலுக்கு "ஓம் அம்மா, வாறன்" என்று சொல்லிக்கொண்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே வரட்டும்.